தாசில்தாருக்கு முடி கொட்டுகிறது

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் மகள் சுபிக்ஷா தஞ்சாவூரில் ஹாஸ்டல் சேரப் போகிறாள். பொள்ளாச்சியிலிருந்து போகிற வழியில் உடுமலையில் வண்டியை நிறுத்தி, தன் முயலை என் வீட்டில் இறக்கிவிட்டாள். கூண்டு, புல்லுக்கட்டு, தண்ணீர்க் கிண்ணம், அத்தோடு ஒரு மணி நேர அறிவுரை. அண்ணிக்குத் தும்மல் வருமாம். அண்ணனுக்கு நேரம் இல்லையாம். கல்யாணம் ஆகாத அத்தை வீடு என்றால் எல்லாருக்கும் குடோன்தான்.

"அவன் பேரு சாக்கோ, அத்தை. அன்பா கூப்பிடணும்."

சாக்கோவாம். கூண்டைத் திறந்ததும் வெளியே வந்தது. ஹாலின் நடுவில் காலை நீட்டிப் படுத்தது. மனு கொடுக்க வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தது. தாசில்தார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

தாசில்தாருக்கு முடி கொட்டுகிறது. கொஞ்ச நஞ்சம் இல்லை. தொட்டால் கொத்துக் கொத்தாகக் கையோடு வருகிறது. செம்பட்டை நிறத்தில் சோபா, பாய், என் டிராக் பேன்ட் எல்லாம் முடி. இன்று பி.டி. வகுப்பில் பத்தாம் வகுப்பு பி பிரிவுப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். விசிலை வாயில் வைத்தேன். விசிலுக்குள்ளும் முடி.

இதோடு காற்று வேறு ஆரம்பித்துவிட்டது. மேற்கே கணவாயிலிருந்து கிளம்பினால் நேரே எங்கள் காம்பவுண்டுக்குத்தான். காயப்போட்ட துணியை எல்லாம் உருவிக்கொண்டு போய், கீழ்க்கோடியில் இருக்கும் வீட்டுக்கார நாகமணி அக்காவின் முருங்கை மரத்தில் மாட்டிவிடுகிறது. மொத்தம் மூன்றே வீடுகள். நடுவில் நான். மேல்கோடி வீட்டுக்கு மாசியில் குடிவந்தவர் காற்றாலையில் வேலை பார்க்கிறார். பெயர் தளவாய். திருநெல்வேலிப் பக்கம். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

முடி கொட்டினால் என்ன செய்வோம்? எண்ணெய் தேய்ப்போம். கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டு நானே காய்ச்சிய தேங்காய் எண்ணெய். ஐம்பத்தொரு வயதிலும் என் சடை இடுப்புவரை இருக்கிறது என்றால் அதுதான் காரணம். தாசில்தாரைத் துண்டில் சுற்றி, உச்சி முதல் வால்வரை அழுத்தித் தேய்த்தேன். பாதிப் பேருக்குக் கிடைக்காத கவனிப்பு.

நன்றி இல்லாத ஜென்மம். கட்டிலுக்கு அடியில் போய், பின்னங்காலால் தரையைத் தட்டித் தட்டி எனக்குக் கண்டனம் தெரிவித்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 21, சனி

கால்நடை டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"எண்ணெயா டீச்சர்?"

"சுத்தமான செக்கு எண்ணெய்ங்க."

"சீயக்காய் போடலையே?"

"நாளைக்குப் போடலாம்னு இருந்தேன்."

நல்லவேளை, போடவில்லை. முயலைக் குளிப்பாட்டவே கூடாதாம். பயத்திலேயே செத்துப்போகுமாம். இது நோயும் இல்லை. பழைய முடி போய்ப் புது முடி வருகிற பருவம். மூன்று வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை. முயல் தன்னைத் தானே நக்கிக்கொண்டே இருக்கும். உதிரும் முடியை விழுங்கும். அதற்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றுக்குள் முடி அடைத்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் தினமும் சீப்பால் வாரி, ஈரக் கையால் தடவி, உதிர்கிற முடியை நாமே எடுத்துவிட வேண்டும். புல் நிறையக் கொடுக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோள மாவு தூவி வாரச் சொன்னார். வீட்டுக்கு வந்து தூவினேன். பஜ்ஜிக்குத் தயாரானதுபோல் உட்கார்ந்திருக்கிறது.

எடுக்கிற முடியை எறியக் கூடாதாம். சுபிக்ஷா போனில் சொன்னாள், குஷன் தைக்கப் போகிறாளாம். எண்ணெய் முடி, எண்ணெய் இல்லாத முடி எல்லாவற்றையும் ஒரு தலையணை உறையில் போட்டு வைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் நாகமணி அக்கா.

"ஏனுங் டீச்சர், உங்க மொசலு முடியெல்லாம் எங்கூட்டு வாசல்லதான் கெடக்குது. கூட்டிக் கூட்டி இடுப்பே போச்சுங்."

சரி என்றேன். அவர் போய்ப் பத்து நிமிடத்தில் மேல்கோடி வீட்டுக்காரர். கையில் டீ டம்ளர். டீயில் ஒரு கொத்து செம்பட்டை முடி மிதக்கிறது.

"டீச்சர், இதப் பாருங்க. டீய வாயில வைக்க முடியல. ஒங்க முயலு என் வீட்டுக்குள்ள தவணை முறையில வந்துக்கிட்டிருக்கு."

"காத்தடிச்சா நான் என்னங்க பண்றது? விசில் ஊதி நிறுத்தச் சொல்றீங்களா?"

"காத்த நிறுத்திராதீங்க. என் பொழப்பே அதுலதாம் ஓடுது."

இந்தப் பக்கத்து வீட்டுக்கும் பறக்கிறது, அந்தப் பக்கத்து வீட்டுக்கும் பறக்கிறது. நான் ஒருத்தி எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? கோபத்தில், "அவ்வளவு கஷ்டமா இருந்தா நீங்களே வந்து புடிங்க, நான் வாருறேன். ஒத்தை ஆளா புடிச்சுக்கிட்டே வார எனக்கு என்ன நாலு கையா இருக்குது?" என்றேன்.

"சரி டீச்சர். சாயங்காலம் ஆறு மணிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சண்டைக்குத்தான் சொன்னேன். அவர் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஜூன் 23, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது. சொன்னபடி ஆறு மணிக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "இது கடிக்குமா?" என்று கேட்டார். எண்பது மீட்டர் உயரக் காற்றாலையில் உச்சி வரைக்கும் ஏறுகிற மனிதர்! தாசில்தாரைத் தூக்கி மடியில் வைத்ததும் இரண்டு பேருமே விறைத்துப்போனார்கள். யாருக்கு யாரைப் பார்த்து அதிகப் பயம் என்று தெரியவில்லை.

அப்புறம் தாசில்தார் அவர் முழங்கை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்தது. அப்படியே அடங்கிவிட்டது. என்னிடம் ஒரு நாளும் அடங்கியதில்லை. நான் வாரினேன். அவர் அன்றைக்கு எந்தக் காற்றாலை நின்றது, எதற்கு எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று முயலின் காதில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். அது தூங்கியேவிட்டது.

தலையணை உறையில் கால்வாசி நிறைந்தது. இன்றும் வந்தார்.

ஜூன் 28, சனி

ஹாலுக்குப் புதுத் திரைச்சீலை மாட்டினேன். பழையது நைந்துபோய்விட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூலை 2, புதன்

அவருக்கு ஒரே மகன், ஓசூரில் வேலை. மனைவி போய் ஆறு வருடம் ஆகிறதாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, தாசில்தாரிடம் சொன்னார். நான் கேட்காத மாதிரி வாரிக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தையே ரொம்ப நேரம் வாரியிருக்கிறேன் போல, தாசில்தார் திரும்பி முறைத்தது.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் புல்லைத் தொடவில்லை. கொத்தமல்லி வைத்தேன், தொடவில்லை. மூலையில் முதுகைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. காலில் செருப்பு இல்லாமல் மேல்கோடி வீட்டுக்கு ஓடினேன். இத்தனை நாளில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்தது அதுதான் முதல் தடவை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். பைக்கை எடுத்தார். நான் தாசில்தாரைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். தளி ரோடு முழுக்க எதிர்க்காற்று. "பிடிச்சிக்கிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். முயலைப் பற்றித்தான் கேட்டார்.

டாக்டரம்மா ஊசி போட்டு, மருந்து கொடுத்து, வயிற்றை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து மதியம் முழுக்க அவர் தேய்த்தார், நான் ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் கொடுத்தேன். அவர் இரண்டு பேருக்கும் ரசம் வைத்தார், என் அடுப்பில். உப்பு அதிகம். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

நாலரை மணிக்குத் தாசில்தார் எழுந்து, உடம்பை ஒரு தடவை நீட்டி, என் பாயின் மேல் நான்கு புழுக்கை போட்டது. ஒன்றோடு ஒன்று முடியால் கோத்திருந்தது. அப்புறம் நேரே போய்ப் புல்லைக் கடித்தது.

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் புழுக்கையைப் பார்த்து நின்ற மாதிரி, நான் மாநில அளவில் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தைக்கூடப் பார்த்து நின்றதில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முடி விழுந்திருச்சு, கண்ணுல" என்றார். எனக்கும் விழுந்திருந்தது.

ஜூலை 12, சனி

நாகமணி அக்கா கேட்கிறார்: "ஏனுங் டீச்சர், ஒரு மொசலுக்கு ரெண்டு ஆளு எதுக்குங்?"

"ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் வாரணும்ங்க அக்கா."

"ஆமாமா. பிடிக்கறது முக்கியமுங்" என்று சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே போகிறார். வயதானால் சிலருக்கு இப்படித்தான்.

கேசரி கிளறினேன். ரவை வண்டு பிடித்துவிடும் போல இருந்தது.

ஜூலை 19, சனி

முடி குறைந்துவிட்டது. கழுத்திலிருந்து புது முடி இறங்கி வருகிறது. பழைய செம்பட்டை போய், மழை மேகம் மாதிரி கருஞ்சாம்பல். நல்ல அழகு.

ஜூலை 21, திங்கள்

இன்று சீப்பு சுத்தமாக வந்தது. ஒரு முடிகூட இல்லை. நல்ல விஷயம். ரொம்ப நல்ல விஷயம்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றும் இல்லை. அவர் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாசில்தாரைக் கீழே இறக்கிவிட்டுச் சட்டையைத் தட்டிக்கொண்டார். தட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"வேல முடிஞ்சிட்டு போல டீச்சர். இனி நா வர வேண்டியதில்லல்லா?"

"எதுக்கும் நாளைக்கு ஒரு நாள் பாத்துரலாமுங்க. டாக்டரம்மா ஒரு மாசம்னு சொல்லியிருக்காங்க."

"அதுஞ் சரிதாம்."

அவர் போனபிறகு வீட்டில் என்னவோ சத்தமே இல்லை. டிவி போட்டேன், நிறுத்தினேன். இத்தனை வருடம் இதே வீட்டில் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். ஒரு நாளும் சத்தம் போதவில்லை என்று தோன்றியதில்லை.

ஜூலை 23, புதன்

தலையணை உறையின் முடிச்சு எப்படியோ அவிழ்ந்துவிட்டது. சோபாவில் இரண்டு கைப்பிடி முடி கொட்டிவிட்டது. கூட்டி எடுப்பதற்குள் மணி ஆறு ஆகிவிட்டது, அவரும் வந்துவிட்டார்.

"அடடா, இன்னும் கொட்டுதே டீச்சர்!" என்றார்.

"ஆமாங்க. என்ன பண்றது?" என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கொட்டியது உண்மைதான்.

ஜூலை 26, சனி

உறை மறுபடி அவிழ்ந்துவிட்டது. காற்று.

ஜூலை 29, செவ்வாய்

தாசில்தார் முதுகில் இன்று கொஞ்சம் பழைய முடி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஒட்டவைத்தேன் என்று சொல்ல முடியாது. தடவிக்கொடுக்கும்போது என் கையில் இருந்தது, அவ்வளவுதான். தாசில்தார் என்னை ஒரு பார்வை பார்த்தது. லஞ்சம் வாங்காத அதிகாரியின் பார்வை. ஒரு கொத்தமல்லிக் கட்டு வைத்தேன். வாங்கிக்கொண்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். மூன்றையும் தூக்குவாளியில் போட்டு, அமராவதி அணைப் பக்கம் போய் வரலாமா என்று அவர்தான் கேட்டார். நாகமணி அக்காவையும் கூப்பிட்டேன், ஊர் வாய் இருக்கிறதே. அவர் இடுப்பு வலி என்று சொல்லிவிட்டார். வலி இருந்த மாதிரி தெரியவில்லை.

தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எலுமிச்சைச் சாதத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பாக வந்துகொண்டே இருந்தது, எதற்கென்றே தெரியாமல். இப்படி ஒரு நாள் போய் எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"இங்க சீசன் முடியப் போவுது டீச்சர். புரட்டாசி பொறந்தா காத்து கொறைஞ்சிரும். கம்பெனியில என்னயக் கயத்தாறு சைட்டுக்குப் போகச் சொல்லுதாங்க. செப்டம்பர்ல."

"நல்லதுதானுங்களே. சொந்த ஊருக்குப் பக்கம்."

"ஆமா. பக்கந்தாம்."

தயிர்ச் சாதம் மீந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

உறை அவிழ்ந்தது.

ஆகஸ்ட் 9, சனி

சுபிக்ஷா போன்.

"அத்தை, இன்னுமா முடி கொட்டுது? ரெண்டு மாசம் ஆகப்போகுது! சாக்கோவுக்கு என்னமோ வியாதி. நான் இந்த வாரமே வரேன்."

"வியாதியெல்லாம் ஒண்ணும் இல்லை. நீ படிக்கிற வேலையப் பாரு."

"நீங்கதானத்தை போன வாரம் சொன்னீங்க, தினமும் அவரு வந்து புடிக்கறாரு, நீங்க வாருறீங்கன்னு."

"அது… சும்மா ஒரு பழக்கத்துக்கு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், "அத்தை, உங்க குரல் ஏன் இப்படி இருக்குது?" என்றாள்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள். பத்தொன்பது வயது. வாய் மட்டும் நாற்பது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தின அணிவகுப்பு. ஒரு மாதமாகத் தொண்டை கட்டக் கட்டப் பழக்கியது. பிள்ளைகள் ஒரு காலாக வைத்து நடந்தார்கள். கொடிக் கம்பத்தைத் தாண்டும்போது தற்செயலாக மதில் பக்கம் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, கம்பெனிச் சட்டையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். வேலைக்குப் போகிற வழி அது இல்லை. நேர் எதிர்த் திசை.

"வலது பக்கம் திரும்பு" சொல்ல வேண்டிய இடத்தில் நான் "இடது பக்கம்" சொல்லிவிட்டேன். இருபத்தாறு வருட சர்வீஸில் முதல் தடவை. நல்ல பிள்ளைகள், வலது பக்கமே திரும்பிவிட்டார்கள்.

இதை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடுகிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. உறை தானாக அவிழவில்லை. ஒவ்வொரு நாளும் ஐந்தரை மணிக்கு நான்தான் அவிழ்த்தேன். பெண் பார்க்க வந்த அத்தனை பேரையும் வேண்டாம் என்று சொன்னவள் நான். அதில் இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இந்த ஒரு ஆள் கயத்தாறு போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. தூவியதை எல்லாம் தினமும் காற்று கொண்டுபோய்விட்டது, உறையில் இனி அடியில் கிடக்கிற கொஞ்சம் முடிதான் பாக்கி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

விடுமுறை என்பதால் காலையிலேயே வந்தார். உறையின் அடியில் கிடந்த முடியைச் சோபாவிலும் தாசில்தார் மேலும் ஏற்கெனவே தாராளமாகப் போட்டிருந்தேன். மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். நான் வார ஆரம்பித்தேன். அவர் சட்டையில் விழுந்த ஒரு கொத்தை எடுத்து விரலில் உருட்டினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"கேளுங்க."

"எண்ணெய் தேச்சது ஆனி மாசம்லா? இன்னைக்கு ஆவணி ஒண்ணு. இன்னைக்கு விழுந்த முடியில கறிவேப்பிலை வாசம் அடிக்கே, அது எப்படி?"

என் கை நின்றுவிட்டது. உறையின் அடியில் கிடந்தது முதல் நாள் போட்ட எண்ணெய் முடி. எனக்கு அது தோன்றவே இல்லை.

"பெறகு, தாசில்தாரு இப்ப கருஞ்சாம்பலு. விழுகிற முடி மட்டும் செம்பட்டையாட்டு விழுது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். முயலிடம் சொல்வதுபோல.

ஒரு விசிலில் நானூறு பிள்ளைகளை நிறுத்துகிறவள் நான். முகம் எரிந்தது. டீ வைக்கிறேன் என்று அடுக்களைக்கு ஓடி, பாத்திரம் வைக்காமலே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நின்றேன். மானம் போய்விட்டது. இனி அவர் முகத்தில் எப்படி விழிப்பது? கயத்தாறுக்கு அவர் நாளைக்கே கிளம்பினால்கூட நல்லது என்று தோன்றியது.

ஜன்னலுக்கு வெளியே கொடியில் என் டிராக் பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு காலும் கிழக்கே நாகமணி அக்கா வீட்டைப் பார்த்து நீட்டிப் பறந்துகொண்டிருந்தன. பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன்.

அடுப்பை அணைத்தேன். ஹாலுக்கு வந்து, உறையில் மிச்சம் இருந்ததோடு சோபாவில் கிடந்ததையும் வாரிப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"சார், எந்திரிங்க."

"எங்க டீச்சர்?"

"வாசலுக்கு."

தாசில்தாரைக் கூண்டில் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார். வாசல் நடுவில் நிறுத்தினேன்.

"உங்க வீடு எந்தப் பக்கமுங்க?"

"மேக்க."

"இந்தக் காத்து எங்கிருந்து வருது?"

அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

"நீங்க காத்தாடிக்காரரு. உங்களுக்குத் தெரியாதா? சொல்லுங்க."

"மேக்கயிருந்துதாம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

உறையைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்து உதறினேன். அப்பா! அத்தனை முடியும் ஒரே நொடியில் எழும்பி, வெயிலில் செம்பட்டையாக மின்னிக்கொண்டு, கிழக்கே கிளம்பிவிட்டது. முருங்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு, நாகமணி அக்கா கட்டிலில் காயவைத்திருந்த ஜவ்வரிசி வடகத்தின் மேல் போய் இறங்கியது. மேற்கே, அவர் வீட்டுப் பக்கம், ஒரு முடி போகவில்லை. ஒன்றே ஒன்றுகூட.

"அப்ப அன்னிக்கு உங்க டீ டம்ளர்ல முடி எப்படிங்க வந்துச்சு?"

பின்கழுத்தைச் சொறிந்தார். இந்த ஆள் காது சிவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஒங்க வாசல்ல கெடந்துச்சு டீச்சர். ஒரு கொத்து எடுத்து நாந்தாம் போட்டேன்."

"டீயிலயா?"

"டீ ஆறிப் போயிருந்துச்சு. போடுவோமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்தம்லா."

"எதுக்குங்க அப்படி?"

"அப்ப குடிவந்து நாலு மாசம் ஆயிருந்துச்சு. காலையில வணக்கம் சொன்னா வணக்கம் சொல்லுவீங்க, சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிருவீங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கெடையாது. சண்டைக்கு வந்தாலாவது நாலு வார்த்தை பேசுவீங்கன்னுதாம்…"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். நான் ஒரு மாதமாகத் திருட்டுத்தனம் செய்தேன் என்று வெட்கப்பட்டால், இவர் முதல் நாளிலிருந்தே திருடர்.

"நா முடி தூவுறது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே. சோபாவுல ரெண்டு கைப்பிடி வரிசையா கெடந்துச்சு. முயலு அப்படி வரிசையாவா கொட்டும்? பி.டி. டீச்சருதாம் கொட்டுவாங்க."

"தெரிஞ்சும் வந்தீங்களா?"

"தெரிஞ்சதுனாலதாம் வந்தேன்."

"அப்புறம் இன்னிக்கு மட்டும் எதுக்குக் கேட்டீங்களாம்?"

"பை தீந்துட்டு வருதே டீச்சர். எனக்கும் பயம் வந்துட்டு."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"கயத்தாறுக்குப் போவாதீங்க, சார்."

"சாருன்னு சொல்லாம ஒருதரம் சொல்லுங்க. போவல."

மைதானத்தில் எத்தனையோ பெயர்களைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறேன். இந்த ஒரு பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னேன்.

"தளவாய், போவாதீங்க."

"போவல, சாந்தாமணி" என்றார்.

என் பெயரை டீச்சர் இல்லாமல் கேட்டு எவ்வளவு நாள் ஆகிவிட்டது! நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்போது கீழ்க்கோடியிலிருந்து, தலையெல்லாம் செம்பட்டை முடியோடு, வடகத் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நாகமணி அக்கா வந்தார். "ரெண்டு மாசமா எங்கூட்டுக்குத்தான் முடி வருதுன்னு நான் தலைபாடா அடிச்சுக்கறேன். கேக்கறீங்களா ரெண்டு பேரும்? மேல்கோடி வீட்டுக்கு எப்படிங் போகும்? ஒரு புத்தி வேண்டாமா?" என்று சத்தம் போட்டார். அப்புறம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வடகத் தட்டைத் திண்ணையில் வைத்தார்.

"சரி, சரி. முடிஞ்சுதுங்களா உங்க மொசலு வேலை?"

"முடிஞ்சுதுங்க அக்கா" என்றேன்.

"இப்பவாச்சும் முடிஞ்சுதே" என்று சொல்லிவிட்டுப் புது வடகம் பிழிய ஜவ்வரிசி கேட்டார். கொடுத்தேன். இரண்டு மடங்கு கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மைதானத்தில் விசில் ஊதும்போது தானாகச் சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே ஊத முடியாது என்று இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 23, சனி

கம்பெனியில் பேசிவிட்டாராம். சீசன் முடிந்த பிறகு இங்கேயே பராமரிப்பு வேலைக்கு ஆள் வேண்டுமாம். மகனிடமும் போனில் சொல்லிவிட்டார். "எப்பமே சொல்லியிருக்கலாம்லாப்பா" என்றானாம்.

ஆகஸ்ட் 30, சனி

சுபிக்ஷா வந்திருக்கிறாள். வந்ததும் தாசில்தாரை மடியில் போட்டு, முடியை ஊதி ஊதி விலக்கிப் பார்த்தாள். மினுமினு என்று கருஞ்சாம்பல்.

"அத்தை, இவனுக்கு முடி கொட்டி முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு."

"அப்படியா?"

"என் குஷனுக்கு முடி எங்கே?"

"பறந்திருச்சு."

என்னை உற்றுப் பார்த்தாள். நான் திரைச்சீலையைச் சரி செய்தேன்.

"அப்பாவ நான் பாத்துக்கறேன் அத்தை. அம்மாகிட்டயும் நானே சொல்றேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க, பேசினா மாட்டிக்குவீங்க" என்றாள். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் நடுவில் மாட்டிக்கொண்ட தாசில்தார் காலைத் தட்டிக் கண்டனம் தெரிவித்தது.

சாயங்காலம் வாசல் கதவு தட்டும் சத்தம். திறந்தேன். சலவைச் சட்டை, சீவிய தலை. கையில் டீ டம்ளர் இல்லை, சீப்பு இல்லை, சட்டையில் ஒரு முடி இல்லை. எதற்கு வந்தார் என்று காட்டுவதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை.

"என்னங்க?" என்றேன், வேண்டுமென்றேதான்.

கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணுமில்ல. சும்மாதாம் வந்தேன்."

"வாங்க" என்றேன்.